பந்தை விட்டுவிட்டு அந்த நாலு பேரைப் பாருங்கள்

2022 பிப்ரவரி 13. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் இங்கிள்வுட் நகரின் சோஃபை மைதானம். அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் 23, சின்சினாட்டி பெங்கால்ஸ் 20. பந்து பெங்கால்ஸ் கையில். இன்னும் ஒரு கெஜம் முன்னேறிவிட்டால் ஆட்டம் நீளும். அப்புறம் கொஞ்ச தூரம் போய், கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்ட் கோல் ஒன்று அடித்தால் சமன். அந்த ஒரு கெஜத்துக்கு அவர்களிடம் இரண்டு முயற்சி மிச்சம் இருந்தது.

முதல் முயற்சியில் பந்தை ஓடுபவர் கையில் கொடுத்தார்கள். ஆரன் டொனால்ட் என்ற ராம்ஸ் வீரர் அவரை எட்டிப் பிடித்து அங்கேயே நிறுத்திவிட்டார். இரண்டாவது முயற்சியில், பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் ஜோ பர்ரோ அதை எறியப் பார்த்தார். அதே டொனால்ட் மறுபடியும் உள்ளே புகுந்து அவர் இடுப்பைப் பற்றிச் சுழற்றினார். சுழன்று விழுந்துகொண்டே பர்ரோ வீசிய பந்து யார் கைக்கும் போகாமல் தரையில் விழுந்தது. டொனால்ட் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மோதிர விரலைக் காட்டிக்கொண்டே ஓடினார். கோப்பை வெல்லும் அணிக்கு மோதிரம் கொடுப்பது அங்கே வழக்கம்.

டொனால்ட் ஆடிய இடத்துக்குப் பெயர் டிஃபென்சிவ் லைன்மேன். லைன்மேன் என்றால் நமக்குக் கம்பத்தில் ஏறும் மின்வாரிய ஊழியர்தான் ஞாபகத்துக்கு வருவார். இவர்கள் வேறு. களத்தில் கனமான ஆட்களின் வரிசை இது. பந்தை அதிகம் தொடாத, புதிதாகப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத வரிசையும் இதுதான். நானும் ஆரம்பத்தில் பந்தையேதான் துரத்திக்கொண்டிருந்தேன். டிவி கேமராவும் அதைத்தான் துரத்துகிறது, நம்மைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் பந்து காற்றில் போவதற்கு முந்தைய இரண்டு நொடியில் இந்த வரிசையில் என்ன நடந்தது என்பதைப் பொறுத்துத்தான் பந்து எங்கே போகும், போகுமா போகாதா என்பதே முடிவாகிறது.

விதியில் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு முயற்சி. அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி நாலு முயற்சி கிடைக்கும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியும் ஒரே மாதிரிதான் தொடங்கும். தரையில் இருக்கும் பந்தை, குனிந்து நிற்கும் சென்டர் தன் கால்களுக்கு நடுவே பின்னால் குவாட்டர்பேக்கிடம் அனுப்புவார். இதுதான் ஸ்னாப். வாங்கிய பந்தைக் குவாட்டர்பேக் எறியலாம், ஓடுபவரிடம் கொடுக்கலாம், தானே தூக்கிக்கொண்டு ஓடலாம். பெரும்பாலும் நாலைந்து நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். எழுந்து, தூசி தட்டி, கூடிப் பேசி, மறுபடி வரிசையில் வந்து நிற்பார்கள்.

பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பேர். நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் ஒவ்வொரு கார்டு, அவர்களுக்கு வெளியே ஒவ்வொரு டாக்கிள். பெரும்பாலும் 135 கிலோவைத் தாண்டிய ஆட்கள். குவாட்டர்பேக்கைக் காப்பதும் ஓடுபவருக்கு வழி திறந்துவிடுவதும் இவர்கள் வேலை. இவர்களுக்கு எதிரே, ஒரு பந்தின் நீளம் மட்டும் இடைவெளி விட்டு, கையைத் தரையில் ஊன்றியபடி மூன்று பேரோ நாலு பேரோ இருப்பார்கள். அதுதான் டிஃபென்சிவ் லைன். ஓரத்தில் நிற்பவர் டிஃபென்சிவ் எண்ட், உள்ளே நிற்பவர் டிஃபென்சிவ் டாக்கிள், சென்டரின் மூக்குக்கு நேராக நிற்பவர் நோஸ் டாக்கிள். டாக்கிள் என்ற சொல் கொஞ்சம் குழப்பும்: இரண்டு அணியிலும் அந்தப் பெயரில் ஆள் உண்டு, ஒருவரைப் பிடித்துக் கீழே தள்ளுவதற்கும் அதே பெயர்தான். யார் பெயர் வைத்தார்களோ, வேறு சொல்லுக்குப் பஞ்சமா!

அந்த ஐந்து பேருக்கு நடுவே இருக்கும் சந்துகளுக்கும் பெயர் இருக்கிறது. சென்டருக்கும் கார்டுக்கும் நடுவே உள்ளது ஏ சந்து, கார்டுக்கும் டாக்கிளுக்கும் நடுவே பி, டாக்கிளுக்கு வெளியே சி. தடுக்கும் அணியின் கணக்கு எளிது: ஒவ்வொரு சந்துக்கும் ஓர் ஆள் பொறுப்பு. ஒரு சந்து காலியாக இருந்தால் ஓடுபவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். எனவே ஒரு லைன்மேன் தனக்கென்று கொடுத்த சந்தை முதலில் காக்க வேண்டும், அப்புறம்தான் வீரதீரம். ஆள் எங்கே நிற்கிறார் என்பதற்கு எண்களும் உண்டு. கார்டின் வெளித்தோளுக்கு எதிரே நின்றால் அது 'த்ரீ டெக்னிக்'. பி சந்தில் பாய்ந்து போக வசதியான இடம். டொனால்ட் அதிகம் ஆடியது அங்கேதான். அவருக்கு முன்னால் மினசோட்டாவின் ஜான் ராண்டல், டாம்பா பேயின் வாரன் சாப் இருவரும் பெயர் வாங்கியதும் அதே இடத்தில்தான்.

சரி, இந்த இடத்தில் நின்று எதிரணியை ஆட்டிப்படைக்க ஒருவருக்கு என்ன வேண்டும்? உடம்பு என்றுதான் யாரும் முதலில் சொல்வார்கள். பாதி உண்மை. 130 கிலோ ஆளை 140 கிலோ ஆள் தள்ளும் இடத்தில் 90 கிலோ ஆளுக்கு வேலை இல்லை. ஆனால் அந்த வரிசையில் நிற்கும் எல்லாருமே பெரிய ஆட்கள்தான். அவர்களுக்குள் ஒருவர் மட்டும் ஏன் தனித்துத் தெரிகிறார் என்பதற்கு உடம்பு பதில் சொல்லாது.

டொனால்ட் 2014இல் கல்லூரி முடித்து வந்தபோது அவருக்கு எதிராகச் சொல்லப்பட்டதே உடம்புதான். உயரம் 6 அடி 1 அங்குலம், எடை சுமார் 129 கிலோ. உள்வரிசைக்கு இது போதாது என்றார்கள். அதே ஆள் 40 கெஜத்தை 4.68 நொடியில் ஓடினார், 102 கிலோ பாரத்தைப் படுத்துக்கொண்டு 35 முறை தூக்கினார். கல்லூரி முடித்தவர்களை அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராக எடுக்கும் அந்த வருடத் தேர்வில் 12 பேருக்குப் பிறகு, 13ஆவது ஆளாகத்தான் அவரை ராம்ஸ் எடுத்தது. அந்த அணி அப்போது செயின்ட் லூயிஸில் இருந்தது. அதற்குப் பிறகு பத்து வருடம் ஆடினார், பத்து வருடமும் நட்சத்திர ஆட்டக்காரர்களுக்கான ப்ரோ பவுலுக்குத் தேர்வானார். 2017, 2018, 2020 என்று மூன்று முறை லீக்கின் சிறந்த தடுப்பு வீரர் விருது. உயரம் குறைவு என்று எதைக் குறையாகச் சொன்னார்களோ, அதுவே அவருக்குப் பாதி வேலையைச் செய்துகொடுத்தது.

அது எப்படி என்று கேட்டால், வீட்டில் பீரோ நகர்த்தியதை நினைத்துப் பாருங்கள். நிமிர்ந்து நின்று மேலே கை வைத்துத் தள்ளினால் பீரோ சாயும், நகராது. இடுப்பைத் தாழ்த்தி, கீழ்ப்பாதியில் தோளைக் கொடுத்து, காலை ஊன்றினால் நகரும். முன்வரிசையில் நடப்பதும் இதுதான், பீரோ திருப்பித் தள்ளும் என்பது ஒன்றுதான் வித்தியாசம். இருவர் மோதும்போது யாருடைய தோள் கீழே இருக்கிறதோ அவர் மற்றவரை மேல்நோக்கித் தூக்குகிறார். தூக்கப்பட்டவரின் குதிகால் தரையை விட்டு எழும்பிவிட்டால் அவர் எத்தனை கிலோ இருந்தாலும் பயனில்லை, அந்தக் கிலோவைத் தரையோடு இணைக்க எதுவும் இல்லை. தாழ்ந்து போகிறவர்தான் ஜெயிப்பார் என்று அங்கே பள்ளிக்கூடப் பயிற்சியாளர்கள்கூட ஓயாமல் சொல்வார்கள். 6 அடி 5 அங்குலக் கார்டு தாழ்ந்து வர முழங்காலை எவ்வளவோ மடக்க வேண்டும். டொனால்டுக்குப் பாதித் தாழ்வு பிறப்பிலேயே வந்துவிட்டது.

அடுத்தது முதல் அடி. ஸ்னாப் எப்போது என்பது பந்து வைத்திருக்கும் அணிக்கு முன்கூட்டியே தெரியும். குவாட்டர்பேக் கத்திக்கொண்டே இருப்பார், எந்தச் சத்தத்தில் பந்து நகரும் என்பது அவர்களுக்குள் பேசி வைத்தது. தடுப்பவருக்கு அது தெரியாது. அந்தக் குரலைக் கேட்டுக் கிளம்பினால் ஏமாந்துபோவார், முன்கூட்டியே பாய்ந்துவிட்டால் 5 கெஜம் தண்டனை. அதனால் காதை மூடிக்கொண்டு ஓரக்கண்ணால் பந்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பந்து அசைந்த கணத்தில் உடம்பு கிளம்ப வேண்டும். நல்ல லைன்மேன்கள் கிளம்பும்போது எதிரே இருப்பவர் இன்னும் எழுந்துகொண்டே இருப்பார். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒரு ஆள் மட்டும் எல்லாரையும்விட அரை அடி முன்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியும். அந்த அரை அடியைப் பிறகு எந்த வலுவாலும் திருப்பி வாங்க முடியாது.

கிளம்புவதற்கு முன்னாலேயே படிக்க வேண்டிய சங்கதிகளும் இருக்கின்றன. எதிரே குனிந்திருக்கும் கார்டின் ஊன்றிய விரல்களைப் பாருங்கள். பாரம் முழுக்க அதில் இறங்கி முட்டி வெளுத்திருந்தால் அவர் முன்னால் பாயப் போகிறார், அநேகமாக ஓட்டம். விரல் தரையைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்து, பாரம் குதிகாலில் இருந்தால் அவர் பின்வாங்கப் போகிறார், அநேகமாக எறிதல். எதிரணிக்கும் இது தெரியும், அதனால் மறைக்கப் பார்ப்பார்கள். ஆனால் மூன்று மணி நேர ஆட்டத்தில் களைத்த உடம்பு எப்போதாவது உண்மையைச் சொல்லிவிடும்.

இப்போது கைக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இந்த விளையாட்டிலேயே மிகக் குறைவாகப் பேசப்படும் கலை இதுதான்.

தடுக்க வரும் கார்டுக்கு ஒரே ஒரு ஆசைதான்: இரண்டு உள்ளங்கையையும் உங்கள் நெஞ்சில் பதித்து, சட்டையையும் தோள் கவசத்தையும் உள்பக்கமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துவிட்டால் நீங்கள் எங்கே திரும்பினாலும் அவரும் கூடவே திரும்புவார். வெளிப்பக்கம் பிடித்து இழுத்தால் அது ஹோல்டிங், 10 கெஜம் தண்டனை. நெஞ்சுக்குள் பிடித்தால் நடுவர் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார். எனவே லைன்மேனின் முதல் வேலை, அந்தக் கைகள் தன் மேல் விழாமல் பார்த்துக்கொள்வது. வருகிற கையை மணிக்கட்டில் தட்டிவிடுவது, முழங்கையை மேலே ஏற்றிவிடுவது, அதற்கும் முன்னால் தன் கையை அவர் நெஞ்சில் பதித்துவிடுவது. அரை நொடிக்குள் இருவர் கைகளுக்கு நடுவே நாலைந்து தட்டல் நடந்து முடிந்துவிடும். டொனால்ட் இதற்காகப் போலிக் கத்திகளோடு பயிற்சி எடுத்த வீடியோ இணையத்தில் பரவியது. எதிரே நிற்பவர் கத்தியை நீட்ட நீட்ட, இவர் மணிக்கட்டைத் தட்டித் தட்டி விலக்குவார். பார்க்கச் சினிமாச் சண்டை மாதிரி இருந்தாலும், தேவை என்னவோ அதுவேதான்.

ஒரே ஒரு பாய்ச்சலை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். பந்து அசைகிறது. லைன்மேன் முதல் அடியைக் கார்டின் வெளிப்பக்கமாக வைக்கிறார். அந்தப் பக்கம் போய்விடுவாரோ என்று கார்டின் இடுப்பு லேசாக வெளியே திரும்புகிறது. திரும்பிய அந்தக் கணத்தில் கார்டின் இரண்டு கையும் நீள்கின்றன. லைன்மேனின் வெளிக்கை கீழிருந்து மேலே வீசி, நீண்ட கையை அக்குளுக்குக் கீழிருந்து தூக்குகிறது. இதன் பெயர் ரிப். தூக்கிய அதே வேகத்தில் அவருடைய இடுப்பு கார்டின் இடுப்பைத் தாண்டிவிடுகிறது. இடுப்பு இடுப்பைத் தாண்டியதும் கதை முடிந்தது. இனிமேல் கார்டு செய்ய முடிந்ததெல்லாம் பின்னாலிருந்து பிடித்து இழுப்பது அல்லது குவாட்டர்பேக்குக்காகப் பிரார்த்தனை செய்வது. இவ்வளவும் ஒன்றரை நொடி.

இப்படி உத்திகள் பல உண்டு. ரிப்புக்கு நேர் எதிரானது ஸ்விம்: நீச்சலில் கை வீசுவதுபோல எதிராளியின் தோளுக்கு மேலே கையை வீசித் தாண்டுவது. உயரமானவர்களுக்குச் சரிவரும், ஆனால் விலா திறந்துவிடும். புல் ரஷ் என்றால் சுற்றி வளைக்காமல் நேராக நெஞ்சில் கை வைத்துக் குவாட்டர்பேக்கின் மடியிலேயே ஆளைக் கொண்டுபோய் உட்கார வைப்பது. சுழல் உத்தியில் பெயர் வாங்கியவர் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸின் ட்வைட் ஃப்ரீனி. அவரும் 6 அடி 1 அங்குலம்தான். ஓரத்தில் வேகமாகப் போவார். பயந்துபோன டாக்கிள் வெளியே தாவித் தாவிப் போவார். திடீரென்று ஃப்ரீனி பம்பரம் மாதிரி உள்பக்கம் சுழல்வார். வெளியே பாய்ந்துகொண்டிருந்த டாக்கிளுக்குத் திரும்ப வழியே இருக்காது.

ரெஜ்ஜி ஒயிட் செய்தது இன்னொரு ரகம். 6 அடி 5 அங்குலம், 136 கிலோ பக்கம் இருந்த மனிதர். அவரும் வெளிப்பக்கம் போவதுபோல ஓடுவார், டாக்கிள் பாரத்தை வெளியே சாய்த்துத் தயாராவார். அப்போது தன் உள்கையால் டாக்கிளின் விலாவில் ஒரு வீச்சு. 135 கிலோ டாக்கிள் கதவு திறந்த மாதிரி ஒதுங்கிப்போவார். 1997 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுலில் கிரீன் பே பேக்கர்ஸுக்காக அவர் குவாட்டர்பேக்கை மூன்று முறை வீழ்த்தினார். அந்த வீடியோக்களைத் தேடிப் பாருங்கள். வலு என்று தோன்றும், உண்மையில் அது நேரம் பார்த்து அடித்தது. எதிராளி தானே ஒரு பக்கம் சாய்ந்த கணத்தில், அதற்கு எதிர்ப்பக்கமாக விழுந்த அடி.

ஒரே உத்தியை வைத்துக்கொண்டு ஓர் ஆட்டத்தை ஓட்ட முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். முதல் பத்து முயற்சியில் நேராக முட்டிக்கொண்டே இருப்பார்கள். கார்டு அதற்கேற்பக் காலை அழுத்தமாக ஊன்றப் பழகிவிடுவார். பதினோராவது முயற்சியில் முட்டுவதுபோல வந்து விலகிப் போவார்கள். பெரிய ஆட்டக்காரர்களின் சிறந்த பாய்ச்சல்கள் கடைசிக் கால்பகுதியில் வருவதற்கு இது ஒரு காரணம், மூன்று கால்பகுதியாக விதைத்ததை அப்போதுதான் அறுப்பார்கள். ஜான் ராண்டல் இன்னும் ஒரு படி மேலே போவார். எதிரணி வெளியிடும் வீரர்கள் பற்றிய கையேட்டைப் படித்து வைத்துக்கொண்டு, எதிரே நிற்பவரின் சொந்த விஷயங்களை வைத்தே ஆட்டம் முழுக்கச் சீண்டிக்கொண்டிருப்பார். தேர்வில் எந்த அணியும் எடுக்காத, ஆள் சின்னது என்று ஒதுக்கப்பட்ட மனிதர் அவர். 137.5 'சாக்' எடுத்து ஓய்வு பெற்று, 2010இல் புகழ் மண்டபத்தில் இடம் பிடித்தார்.

சாக் என்றால் எறிவதற்கு முன்பே குவாட்டர்பேக்கை வரிசைக்குப் பின்னால் வீழ்த்துவது. இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் டீக்கன் ஜோன்ஸ். 1961இல் பதினான்காம் சுற்றில் ராம்ஸ் எடுத்த ஆள். அவருடைய ஆயுதம் உள்ளங்கை: ஸ்னாப் ஆனதும் எதிராளியின் ஹெல்மெட்டில் பக்கவாட்டில் ஓங்கி ஓர் அறை. அறை விழுந்தால் யாருக்கும் கண் தானாக மூடும், அந்த நேரத்தில் இவர் தாண்டிப் போய்விடுவார். 1977இல் லீக் இதைத் தடை செய்தது. அடுத்த வருடமே, எறியும் குவாட்டர்பேக்குக்குக் காவல் நிற்பவர்கள் கையை நீட்டி உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம் என்று விதி மாறியது. அதுவரை அவர்களுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. ஒரு பக்கம் ஆயுதம் பறிபோனது, இன்னொரு பக்கம் எதிராளிக்கு ஆயுதம் கிடைத்தது. கைச்சண்டை இவ்வளவு நுணுக்கமானதற்கு இந்த இரண்டு விதியும் பெரிய காரணம்.

சாக் பார்க்க அழகு. அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982இல் என்பதால் ஜோன்ஸுக்கே அதிகாரபூர்வக் கணக்கு கிடையாது. அதற்குப் பிறகு வந்தவர்களில் ப்ரூஸ் ஸ்மித் 200, ரெஜ்ஜி ஒயிட் 198. டொனால்ட் 2018இல் மட்டும் 20.5 எடுத்தார், உள்வரிசையில் ஆடுபவருக்கு அது மலைக்க வைக்கும் எண். அரை எங்கிருந்து வந்தது என்றால், இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி. ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து ஒருவரை எடைபோட்டால் ஏமாந்துபோவோம்.

வின்ஸ் வில்ஃபோர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் நோஸ் டாக்கிள். ஏடுகளில் 147 கிலோ என்று எழுதியிருந்தார்கள், தராசு என்ன சொன்னதோ. 13 பருவம் ஆடி அவர் எடுத்தது மொத்தம் 16 சாக். டொனால்டின் ஒரு நல்ல வருடத்தைவிடக் குறைவு. அப்படியானால் சுமாரான ஆளா? இல்லவே இல்லை. அவர் வேலை பாய்வதே அல்ல. சென்டரை நெஞ்சோடு பிடித்து நிறுத்தி, அவருக்கு இரண்டு பக்கமும் உள்ள சந்தையும் ஒருவராகவே காப்பது. பந்து இடப்பக்கம் வந்தால் சென்டரை வலப்பக்கம் எறிந்துவிட்டு இடப்பக்கம் பிடிப்பது, வலப்பக்கம் வந்தால் மாற்றிச் செய்வது. இப்படி ஒருவரே இரண்டு சந்தை அடைத்துக்கொண்டால் அவருக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடிவந்து ஆளைப் பிடிக்கலாம். ஸ்கோர் தாளில் லைன்பேக்கர் பெயர் ஏறும். கீழே இரண்டு பேருக்கு அடியில் கிடக்கிற நோஸ் டாக்கிளின் பெயர் எங்கேயும் இருக்காது. கல்யாண வீட்டில் சமையல்காரர் மாதிரி, சாப்பாடு சரியில்லாவிட்டால்தான் ஆளைத் தேடுவார்கள்.

இதன் இன்னொரு முகம்தான் இரட்டைக் காவல். ஒரு லைன்மேனைத் தனி ஆளாகச் சமாளிக்க முடியாது என்று தெரிந்ததும் எதிரணி அவர் மேல் இரண்டு பேரைப் போடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்வரிசையில் ஐந்து பேர், பாய்கிறவர்கள் நாலு பேர். ஒருவர் மேல் இரண்டு பேர் போனால் மிச்சம் மூன்று பேர், மூன்று பேருக்கு எதிரே தனித்தனியாக நிற்க வேண்டும். உதவிக்கு யாரும் இல்லை. 2022 இறுதிப்போட்டியில் ராம்ஸ் ஏழு சாக் எடுத்தது. டொனால்ட் பெயரில் இரண்டு, ஓரத்திலிருந்து பாய்ந்த வான் மில்லர் பெயரில் இரண்டு, மிச்சம் மற்றவர்களுக்கு. டொனால்டைக் கவனித்துக்கொள்ள எல்லாரும் உள்பக்கம் சாய்ந்துகொண்டிருக்கும்போது வெளியே இருப்பவருக்கு வாழ்வுதான்.

நாலு பேரும் சேர்ந்து நன்றாக அமைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1970களின் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் போதும். ஜோ கிரீன், எல். சி. கிரீன்வுட், எர்னி ஹோம்ஸ், ட்வைட் ஒயிட். 'எஃகுத் திரை' என்று பெயர். கிரீன் கொஞ்ச காலத்துக்குப் பிறகு நேராக நிற்காமல் சென்டருக்கும் கார்டுக்கும் நடுவே கோணலாகத் திரும்பி நிற்க ஆரம்பித்தார். இவர் ஒருவரே இரண்டு பேரின் பாதையைக் குலைத்துவிடுவார். யார் யாரைத் தடுப்பது என்பதே அவர்களுக்குப் புரியாமல் போகும். 2008 பிப்ரவரியில் நியூயார்க் ஜயன்ட்ஸ் செய்தது வேறு மாதிரி. அதுவரை ஆடிய 18 ஆட்டத்திலும் தோற்காமல் வந்த பேட்ரியட்ஸைச் சந்தித்தார்கள். கூடுதலாக ஆள் அனுப்பிப் பெரிய சூதாட்டம் எதுவும் ஆடாமல், பெரும்பாலும் முன்வரிசையை நம்பியே டாம் பிரேடியை ஐந்து முறை வீழ்த்தினார்கள். 17-14. முன்வரிசை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டால் மற்ற ஏழு பேரும் எறியும் பந்துக்குக் காவல் நிற்கலாம் என்பதுதான் இதன் லாபம்.

பிடிக்காமலே கெடுக்கவும் வழி இருக்கிறது. ஹூஸ்டன் டெக்ஸன்ஸின் ஜே. ஜே. வாட் 2012இல் 20.5 சாக் எடுத்த வருடத்திலேயே 16 பந்துகளையும் தட்டிவிட்டார். குவாட்டர்பேக்கை எட்ட முடியாது என்று தெரிந்ததும் நின்று, அவர் கையைப் பார்த்து, எறியும் நேரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு குதிப்பார். இதில் ஒரு பொறுமை வேண்டும். வெறியோடு சுற்றிச் சுற்றி ஓடுபவரால் இதைச் செய்ய முடியாது. அதே போல, லாமார் ஜாக்சன் மாதிரி காலில் வேகம் உள்ள குவாட்டர்பேக்குக்கு எதிராக ஓரத்தில் பாய்பவர் ரொம்ப ஆழமாகப் போய்விட்டால், அவர் விட்டுப்போன வழியிலேயே குவாட்டர்பேக் நழுவி 20 கெஜம் ஓடிவிடுவார். பாய்ச்சல் ஜெயித்தது, ஆட்டம் போயிற்று.

எண்ணிக்கைக்கும் ஆதிக்கத்துக்கும் உள்ள தகராறு 2023இல் வெளிப்படையாக வந்தது. லீக்கிலேயே அதிகமாக 19 சாக் எடுத்தவர் பிட்ஸ்பர்கின் டி. ஜே. வாட், ஜே. ஜே.வின் தம்பி. ஆனால் சிறந்த தடுப்பு வீரர் விருது 14 சாக் எடுத்த கிளீவ்லாண்டின் மைல்ஸ் காரெட்டுக்குப் போனது. வாட் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள், இன்றும் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். காரெட் பக்கம் பேசியவர்கள், ஒவ்வொரு முயற்சியிலும் அவர் எத்தனை முறை காவலைத் தாண்டினார், எத்தனை ஆளைத் தன் பக்கம் இழுத்தார் என்று காட்டினார்கள். ஸ்னாப் ஆன 2.5 நொடிக்குள் காவலைத் தாண்டினாரா என்று மட்டும் கணக்கெடுக்கும் முறை ஒன்று இப்போது இருக்கிறது. குவாட்டர்பேக் அதற்குள் பந்தை எறிந்துவிட்டாரா, பக்கத்து ஆள் முந்திக்கொண்டாரா என்பதெல்லாம் அதில் வராது. என் கட்சி காரெட் கட்சி. ஆனால் 19க்கு எதிராக 14ஐ வைத்துக்கொண்டு வாதாடுவது கஷ்டம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

டொனால்டின் அந்தக் கடைசிப் பிடிக்கே வருவோம். பர்ரோ விழுவதற்குள் பந்தை விட்டுவிட்டார் அல்லவா, அதனால் அது சாக் கணக்கில் ஏறவில்லை. ஏட்டில் அது யாரும் பிடிக்காத ஓர் எறிதல். அதற்கு முந்தைய முயற்சி, சாதாரணமாக ஒரு ஓட்டத்தை நிறுத்தியது. ஒரு வாழ்க்கையின் மிகப் பெரிய இரண்டு பிடி, இரண்டும் 111 என்ற அவருடைய மொத்த சாக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. அன்று ஆட்ட நாயகன் விருதும் அவருக்கு இல்லை, பந்தைப் பிடித்த கூப்பர் கப்புக்குப் போனது. இரண்டு வருடம் கழித்து, 2024 மார்ச்சில், இன்னும் உச்சத்தில் இருக்கும்போதே 32 வயதில் டொனால்ட் ஓய்வை அறிவித்துவிட்டார்.

அடுத்து ஏதாவது ஒரு ஆட்டம் பார்க்கக் கிடைத்தால் ஒரு கால்பகுதி மட்டும் இப்படிச் செய்து பாருங்கள். ஒரே ஒரு லைன்மேனைத் தேர்ந்தெடுங்கள். ஸ்னாப் ஆனதும் பந்து போகும் திசையை மறந்து, இரண்டு நொடி அவரையே பாருங்கள். மோதும்போது யார் தோள் கீழே? யார் கை உள்ளே? யார் கால் பின்னால் போகிறது? கேமரா பந்தோடு ஓடிவிட்டால் கவலை வேண்டாம், பின்பக்கமிருந்து எடுத்த ரீப்ளே வரும், அதில் எல்லாம் தெரியும். அப்புறம் ஸ்னாப்புக்கு முந்தைய சில நொடிகளையும் பாருங்கள். சில நேரம் சென்டர் தலையைத் தூக்கி ஒருவரைக் கைகாட்டுவார். கார்டு திரும்பி ஏதோ சொல்வார். ஓடுபவர்கூட இரண்டு அடி நகர்ந்து அந்தப் பக்கம் வந்து நிற்பார். இன்னும் பந்து அசையவில்லை, கையைத் தரையில் ஊன்றியபடி அந்த ஒரு ஆள் சும்மாதான் குனிந்திருக்கிறார்.